ஒரு மணிக்குக் கூடிய பொதுக்குழு

வாருங்கள், சாட்சி சொல்ல வாருங்கள். உங்களை அழைப்பது நீதிமன்றத்துக்கு அல்ல. செல்லூரின் நெரிசலான சந்துகளுக்கு நடுவே நிற்கும் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு. அங்கே எண்பத்து மூன்றாம் ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணிக்கு ஓர் அநீதி நடந்தது. கத்தி இல்லை, குருதி இல்லை, கூக்குரல் இல்லை. மாலை இருந்தது, கலர் சோடா இருந்தது, கைதட்டல் இருந்தது. திருடன் இருட்டில்தான் வருவான் என்று நம்பிக் கதவைத் தாழிடுகிறோமே, அவன் பட்டப்பகலில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, தலைவர் நாற்காலியில் அமர்ந்து, ஊராரின் உரிமையைக் களவாடினான். கண்டவர்கள் கூடம் நிறைய இருந்தார்கள். அமர்ந்திருந்த எவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் கண்டதை நீங்களும் காண வேண்டும்.

களவாடியவர் பெயர் நல்லகாமன். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே தேவை இருந்திராது.

உசிலம்பட்டிப் பக்கத்தில் வானம் பார்த்த புஞ்சையை விற்றுவிட்டு மதுரைக்கு வந்த குடும்பம் அவருடையது. விசைத்தறிகளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்றைச் செல்லூரில் நடத்தி வந்தார். பட்டறையில் இரும்பைக் கடைந்தார். மேடையில் சொல்லைக் கடைந்தார். ஒலிபெருக்கி வேண்டாத தொண்டை. அவர் பேசுகிறார் என்றால் தேநீர்க் கடையில் ஆற்றிக்கொண்டிருப்பவனும் கையை நிறுத்திக் கேட்பான்.

அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு அந்நாளில் தவசி என்றோர் அரிசி ஆலைக்காரர் தலைவராக இருந்தார். கழகம் பிறந்த நாள்முதல் அவர்தான். அவருடைய பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படித்து முடித்து, பேரப்பிள்ளைகளும் முடிக்கும் பருவம் வந்துவிட்டது. நாற்காலி மட்டும் கைமாறவில்லை. எழுபத்தேழாம் ஆண்டுப் பொதுக்குழுவில் நல்லகாமன் எழுந்தார்.

"பெரியோர்களே, நாற்காலிக்கு நான்கு கால்கள் உண்டு. ஆனால் அது தானாக எழுந்து நடக்காது. அமர்ந்தவர்தாம் எழ வேண்டும். எழ மனமில்லையேல் எழுப்புவதற்கு ஒரு விதி வேண்டும். ஒருவர் ஒரு பொறுப்பில் இரண்டு முறைக்கு மேல் இருக்கலாகாது. முறைக்கு மூன்றாண்டு. அதற்குமேல் ஒரு நாள் இருந்தாலும் அது தொண்டல்ல, ஆதிக்கம். நாளை இந்த இடத்தில் நானே அமர்ந்தாலும், எனக்கும் இதுவே சட்டம்."

கூடம் அதிர்ந்தது. அந்தக் கழகத்தில் வாக்குச் சீட்டு இல்லை, கை எண்ணுவதும் இல்லை. தீர்மானத்தைப் படிப்பார்கள், கூட்டம் கை தட்டினால் நிறைவேறிற்று என்று பொருள். அன்று விழுந்த கைதட்டலில் தவசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தத் தீர்மானத்துக்காக வீடு வீடாக அலைந்தவர் நல்லகாமன் மட்டுமல்லர். சாயப் பட்டறை நடத்தும் உமர் பாரூக்கும் உடன் அலைந்தார். முழங்கை வரை நீலமும் சிவப்புமாக ஊறிய கைகள். மேடையேறத் தெரியாது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டதால்தான் முஸ்லிம்கள் வாழும் தைக்கால் தெருவிலிருந்து அத்தனை பேரும் கூட்டத்துக்கு வந்தார்கள்.

கூட்டம் எப்போது கூடுவது என்பதற்கும் அன்றே ஒரு வழக்கம் உண்டாயிற்று. செல்லூர்ப் பட்டறைகளுக்கு வெள்ளிக்கிழமைதான் மின்சார விடுமுறை. தறியும் லேத்தும் ஓயும் நாள். ஆகவே கூட்டம் வெள்ளியன்று. ஆனால் நான்கு மணிக்கு. "ஜும்மாத் தொழுக முடிச்சுச் சாப்பிட்டுச் செத்த நேரம் படுத்து எந்திரிச்சு வரட்டும் பாய்மாரெல்லாம்" என்று நல்லகாமனே சொல்லி வைத்த நேரம் அது.

அவரே தலைவரானார். முதல் மூன்றாண்டுகள் குறை சொல்ல முடியாதவை. குடிநீர்த் தொட்டி வந்தது. தரையில் குந்தியிருந்த பிள்ளைகளுக்குப் பலகை வந்தது. இரண்டாம் முறை அவர் ஒரு கலையரங்கம் கட்டினார். மேடை, படிக்கட்டு, முகப்பில் அவர் பெயர் பொறித்த கல். மேடையால் வளர்ந்தவர் மேடைதான் கட்டுவார் என்று ஊரார் மெச்சினார்கள்.

பள்ளியின் பின்புறத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று இருந்த கழிப்பறையோ, கதவும் கூரையும் இழந்து, இரண்டு மொட்டைச் சுவர்களாக நின்றது. உமர் பாரூக்கின் மனைவி சைனப் ஒருமுறை நல்லகாமன் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"அண்ணே, எங்க லத்தீபா காலையில பச்சத் தண்ணி பல்லுல படாமப் பள்ளிக்கூடம் போகுது. கேட்டா, குடிச்சா ஒதுங்கணும்ல, எங்க போயி ஒதுங்குறதும்மாங்குது. பெரிய பிள்ளைக அம்புட்டும் அப்படித்தேன் இருக்குதுக. ஒரு கதவு, ஒரு கூரை. பெருசா ஒண்ணும் கேக்கல."

"அடுத்த வருசம் கண்டிப்பா முடிச்சுருவோம் தங்கச்சி" என்றார் நல்லகாமன். சொன்னபோது உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னார். அடுத்த ஆண்டு கலையரங்கத்துக்குப் படி கட்டினார்கள்.

படி கட்டிய அந்த ஆண்டில் லத்தீபா எட்டாம் வகுப்பு. கழிப்பறை இல்லாத பள்ளிக்கு, ஒன்பதாம் வகுப்பில் அவளை அனுப்புவதில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். உமர் பாரூக் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். நல்லகாமனுக்கு இரண்டு முறையும் முடிகிறது. வரும் பொதுக்குழுவில் தாமே தலைமைக்கு நிற்பதாகவும், முதல் வேலையாக அந்தக் கழிப்பறையைக் கட்டுவதாகவும் சொன்னார். தெரு முழுதும் அந்தப் பேச்சுதான். நல்லகாமன் காதிலும் அது விழுந்தது.

விழுந்த நாள்முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. காவல் நிலையத்தில் நாற்காலி நகர்த்திப் போடுகிறார்கள். மாநகராட்சி அலுவலகத்தில் "வாங்க தலைவரே" என்கிறார்கள். கல்யாண வீட்டில் முதல் சந்தனம் அவருக்கு. இந்தப் பட்டம் இல்லையென்றால் அவர் யார்? இரும்புத் தூள் படிந்த பனியனோடு திருகாணி கடையும் ஓர் ஆள். அந்த எண்ணம் உடம்பைக் கூசவைத்தது. கூச்சத்தை மறைக்க மனம் ஒரு நியாயம் தேடிற்று. தேடினால் கிடைக்காத நியாயம் உண்டா? 'இன்னும் ஒரே ஒரு முறை. அந்தக் கழிப்பறையை நானே கட்டிவிட்டு இறங்குகிறேன். பாய்க்குப் பாவம், அதிகாரிகளோடு பேசிப் பழக்கமில்லை.' எந்தக் குறையை அவர் ஆறாண்டு தீர்க்காமல் வைத்திருந்தாரோ, அதையே தாம் தொடர்வதற்குக் காரணமாக்கிக்கொண்டார்.

அவருடைய மைத்துனர் விருமாண்டி கழகத்தின் துணைத் தலைவர். செங்கல், மணல் ஒப்பந்தக்காரர். கலையரங்கத்துக்குச் செங்கல் இறக்கியதும் அவர்தான். பொதுக்குழுவுக்கு நாள் குறிக்கத் தலைமையாசிரியர் அறையில் மூவரும் கூடினார்கள்.

"வழக்கம்போல வெள்ளிக்கிழமை நாலு மணின்னு போட்டுரலாமா தலைவரே?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"நாலு மணி எதுக்கு சார்?" என்றார் விருமாண்டி. "சாயங்காலம் ஆனா சனம் சினிமாவுக்குக் கெளம்பிரும். ஒரு மணிக்குப் போடுங்க. பசி நேரம் பாருங்க, எவனும் வளவளன்னு பேச மாட்டான்."

தலைமையாசிரியர் பேனாவை நிறுத்தினார். "ஒரு மணின்னா அது அவங்க தொழுகை நேரமாச்சே..."

"நம்ம யாரையாச்சும் வராதேன்னு சொன்னமா சார்? வாரவுக வரட்டும். என்ன மாமா, நான் சொல்றது?"

இருவரும் நல்லகாமனைப் பார்த்தார்கள். ஊரையே பேசி மடக்கிய வாய் அது. 'நாலு மணிக்கே வைங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். தலைமையாசிரியர் சற்றுக் காத்திருந்துவிட்டு, 'பகல் ஒரு மணி' என்று எழுதினார். பேசியே பெயரெடுத்த மனிதர், தம் வாழ்நாளின் பெருங்குற்றத்தைப் பேசாமலிருந்தே செய்தார்.

அந்த வெள்ளி வந்தது. பள்ளிக்கு மதியத்தோடு விடுமுறை. கூடத்தில் லேத்காரர்களும் தறிக்காரர்களும் செங்கல் வண்டிக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். இடப்பக்கத்துப் பலகைகள் காலியாகக் கிடந்தன. வழக்கமாகத் தைக்கால் தெருக்காரர்கள் அமரும் இடம் அது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகைக்கு முந்திய உரையான குத்பா ஓதும் குரல் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. விருமாண்டி சன்னலைச் சாத்தச் சொன்னார்.

தீர்மானத்தைப் படித்தவரும் விருமாண்டியே. "இரண்டு முறைக்கு மேல் யாரும் பொறுப்பில் இருக்கலாகாது என்னும் விதியை, கழகத்தின் வளர்ச்சி கருதி, இப்பொதுக்குழு நீக்குகிறது."

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. "கொஞ்சம் பொறுங்க."

சைனப். முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நிலையை ஒட்டி நின்றார். கணவர் தொழுகையில் இருக்க, தாமே ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"இன்னும் ஆளு வரல அண்ணே. தொழுக முடிஞ்சதும் வந்துருவாக. அரை மணி நேரம் பொறுங்க."

"இந்தாம்மா," என்றார் விருமாண்டி, "பந்தி போட்டாச்சு. வராதவனுக்காக எலையில சோத்தக் காய விட முடியுமா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சைனப் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக நல்லகாமனைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு வைங்கன்னு சொன்னது நீங்கதானண்ணே?"

நல்லகாமன் மேசை விரிப்பின் சுருக்கத்தைத் தடவிச் சரிசெய்தார். யாரோ முன்வரிசையில் தட்டத் தொடங்கினார்கள். கூரை வரை ஓசை ஏறிற்று. அது அடங்கியபோது வாசலில் சைனப் இல்லை. மூன்றாம் முறைக்கும் அவரே தலைவர் என்று நல்லகாமன் கழுத்தில் விழுந்த மாலை ஈரமாகவும் கனமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தார். மனைவி முத்துத்தாய் இலை போட்டு, ஈரல் வறுவல் வைத்திருந்தார். வெற்றி விருந்து.

"பாய் வந்தாகளா கூட்டத்துக்கு?"

"வரல."

"ஏன், ஒடம்புக்கு முடியலையாக்கும்?"

அவர் இலையில் தண்ணீர் தெளித்தார். முத்துத்தாய் கணவரின் முகத்தையும், பிறகு சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். "ஓகோ. ஒரு மணிக்கு வச்சீகளோ? என் தம்பிக்கு இம்புட்டு மூளை இருக்குன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியல. உங்களுக்கு இம்புட்டுக் கொறச்சல்னும் தெரியல" என்றவர், குழம்புச் சட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இலையை மடிக்காமலே நல்லகாமன் கை கழுவினார்.

உமர் பாரூக் சண்டைக்கு வரவில்லை. அதுதான் கொடுமை. வந்து சட்டையைப் பிடித்திருந்தால் நல்லகாமன் பதிலுக்குக் கத்தி, பாதிச் சுமையை இறக்கியிருப்பார். வழியில் கண்டால் எப்போதும்போல், "நல்லா இருக்கீகளாண்ணே" என்று கேட்டுவிட்டு நடந்தார். அந்தக் கேள்விக்குப் பயந்து நல்லகாமன் சாயப் பட்டறைச் சந்து வழியை விட்டுவிட்டு, வைகைக் கரையோரமாகச் சுற்றிப் பட்டறைக்குப் போகத் தொடங்கினார்.

கோடை முடிந்து பள்ளி திறந்த வாரம். தலைமையாசிரியர் அறையில் நல்லகாமன் அமர்ந்திருந்தபோது சைனப் உள்ளே வந்தார்.

"லத்தீபாவுக்கு டி.சி. வேணும் சார்."

"எந்தப் பள்ளிக்கூடத்துக்கும்மா மாத்துறீங்க?"

"எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இல்ல சார். வீட்டுலதேன் இருக்கப் போகுது."

நல்லகாமன் எழுந்தார். "தங்கச்சி, அவசரப்படாத. இந்த வருசம் நான் கண்டிப்பா..."

சைனப் முதல்முறையாகக் கசப்போடு சிரித்தார். "உங்க வருசத்துக்கெல்லாம் இனிமே கணக்கு ஏதுண்ணே? நீங்க எப்ப வேணா கட்டலாம். எம் பிள்ளைக்கு வயசு நிக்குமா?"

தலைமையாசிரியர் தலை குனிந்து கையெழுத்திட்டார். அந்தப் பேனா ஓடிய ஒலி நல்லகாமனுக்கு அரம் கொண்டு அராவுவதுபோல் இருந்தது. அன்று மாலையே அவர் சாயப் பட்டறைக்குப் போனார். கொதிக்கும் அண்டாக்களின் ஆவிக்கு அப்பால், கூரைச் சரிவின் கீழே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள் லத்தீபா.

"வாங்க பெரியத்தா" என்று எழுந்தாள். முகத்தில் வருத்தம் ஏதுமில்லை. ராட்டைக்கு அருகே ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. இப்போது அவள் வேண்டியமட்டும் குடிக்கலாம்.

நல்லகாமன் உமர் பாரூக்கின் முன் நின்றார். "பாய், என் சொந்தச் செலவுல நாளைக்கே கொத்தனாரை விடுறேன். பத்தே நாள்ல கதவும் கூரையும் போட்டுத் தாரேன். பிள்ளைய அனுப்பு."

உமர் பாரூக் கோலால் நூலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "கட்டுங்கண்ணே. வேணாங்கல. மத்த பிள்ளைகளுக்காச்சும் ஆகும். ஆனா ஒண்ணு. நாங்க வந்து உக்காந்து, எங்களுக்கு இது வேணும்னு கேட்டு வாங்கணும்னுதேன் உங்க கூட அன்னைக்கு வீடு வீடா ஏறி எறங்குனேன். நீங்க இப்பத் தூக்கிக் குடுக்குறது வேற. அதுக்குத் தவசியே போதுமே. கும்பிட்டுக் கேட்டா அவரும் குடுத்திருப்பாருல்ல."

"நான் எறங்கிர்றேன் பாய். நாளைக்கே எழுதிக் குடுத்துர்றேன்."

"எறங்குங்க. எறங்குனா யாரு உக்காருவான்னு யோசிச்சீகளா?"

நல்லகாமன் யோசிக்கவில்லை. மறுநாள் பதவி விலகினார். தலைவர் விலகினால் துணைத் தலைவர் அமர்வது கழகத்தின் விதி. விருமாண்டி அமர்ந்தார். நல்லகாமன் அவரிடம் போய், பழைய விதியை மீட்கச் சிறப்புக் கூட்டம் ஒன்று கூட்டும்படி கேட்டார்; நான்கு மணிக்குக் கூட்டும்படி கேட்டார்.

விருமாண்டி நாற்காலியின் கைகளைத் தடவிப் பார்த்தபடி சொன்னார்: "கூட்டம் கூட்டுறது தலைவர் விருப்பம் மாமா. நான் இப்பத்தான உக்காந்திருக்கேன். உங்களுக்காச்சும் ரெண்டு மொறைன்னு ஒரு வேலி இருந்துச்சு. அதை நீங்களே புடுங்கிப் போட்டுட்டீக. நான் எதுக்கு மறுபடி ஊண்டணும்? கலையரங்கத்துக்குக் கூரை வேற போட வேண்டியிருக்கு."

தம்மிடமிருந்து தம்மைக் காக்கும் என்று நம்பி நல்லகாமன் எழுதிய விதி அது. தாமே அதை உடைத்தபோது, தம்மைவிடப் பேராசைக்காரனுக்கு எதிராகவும் அது இல்லாமற்போனது.

சொன்னபடி கழிப்பறையைக் கட்டி முடித்தார். தம் பெயர் பொறித்த கல் பதிக்கவில்லை. லத்தீபா திரும்பி வரவில்லை. நின்ற பெண்ணை மறுபடி அனுப்பும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. அதன்பின் நல்லகாமன் எந்த மேடையிலும் ஏறவில்லை. பட்டறை அடைத்த வெள்ளிக்கிழமைகளில் அவர் செல்லூரின் சந்துகளில் வாசல் வாசலாக நின்றார். "அன்னைக்கு ஒரு மணிக்குக் கூட்டம் போட்டது தெரிஞ்சே செஞ்ச களவு. நான்தேன் செஞ்சேன். அடுத்த பொதுக்குழுவுக்கு வாங்க. விதியத் திரும்ப எழுதணும்" என்று சொன்னார். சிலர் கேட்டார்கள். பலர், "அன்னைக்கு நாங்க தட்டுனது உங்களுக்காகத்தான தலைவரே, இப்ப வந்து எங்களையும் திருடனுங்கிறீகளா?" என்று கதவைச் சாத்தினார்கள். தலைவரே என்று அழைத்தவர்களை அவர் ஒவ்வொரு முறையும் திருத்தினார். திருத்தும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு முள் புரண்டது.

அந்தப் பள்ளியில் விருமாண்டி இன்னும் அமர்ந்திருக்கிறார். தனி மனிதர் ஒருவரின் குற்ற உணர்ச்சி அவரை எழுப்பவில்லை, எழுப்பவும் முடியாது. வருந்துகிறவன் தன் தூக்கத்தை இழப்பான், அவ்வளவுதான். எழுப்ப வேண்டியவர்கள் நீங்கள்.

பெற்றோர்களே, இதைப் படித்துவிட்டு ஐயோ பாவம் என்று மடித்து வைக்காதீர்கள். உங்கள் பிள்ளை பயிலும் பள்ளிக்கு நாளைக் காலையில் போங்கள். கழகத்தின் தலைவர் யார், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், எப்போது இறங்குவார் என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் ஒரு விதி எழுதுங்கள். எழுதியவர் எவ்வளவு நல்லவரானாலும் அதன் காவலை அவரிடமே விட்டுவிடாதீர்கள். கூட்டம் கூடும் வேளை உங்கள் அண்டை வீட்டாருக்கு ஆகாத வேளையென்றால், அந்தக் கூட்டத்தில் அமராதீர்கள். வேளையை மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் வரை வாசலை விட்டு நகராதீர்கள்.